தேடு, மாற்று

பக்கத்துக்கு எழுபது ரூபா.
பிழை பார்த்து ஏ-ஃபோரில் எடுத்துத் தந்தால் எண்பது.
கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை.
கலியாணக் கார்ட், மௌத்து அறிவித்தல்,
காணாமற்போன சிவலை மாட்டின் அடையாளம்,
ஒருமுறை ஒரு விவாகரத்துக் கடிதம்.
யாருடைய சொல்லும் என் விரலில் ஒட்டாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

முஸ்பிக் நாலு பக்கம் கொண்டுவந்தான்.
நீல மை, குண்டுக் கையெழுத்து.
ஓ.எல்.லில் தமிழுக்கு 'ஏ' எடுத்தவன்,
'வெறுப்பு'க்கு மட்டும் சின்ன 'ரு' போட்டிருந்தான்.
திருத்தினேன்.
யா அல்லாஹ்,
நான் அதைத் திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் புரூஃப் பார்க்க வந்தவன் சொன்னான்:
"ராத்தா, 'நாம்' எண்டு வாற இடமெல்லாம்
'நாங்கள்' எண்டு போடுங்க."
ஏன்டா?
"'நாம்' எண்டா வாசிக்கிறவன் ஆரெண்டாலும்
உள்ளுக்கு வந்திருவான்."

சரிதான்.
மொழி தெரிந்தவன்தான் கதவும் தெரிந்தவன்.
தேடு: நாம். மாற்று: நாங்கள்.
முப்பத்தொரு இடம், ஒரே அமத்து.
மின்விசிறிகூட நிற்கவில்லை.

"அவர்கள் எண்டதை அதுகள் ஆக்குங்க."
ஆக்கினேன். சத்தமாக வாசித்தேன்:
அதுகள் கடை வைத்திருக்கிறார்கள்.
அதுகள் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள்.
அதுகள் பெருநாளைக்குப் பலகாரம் அனுப்புகிறார்கள்.

எழுவாயைத் தள்ளி விழுத்தியாயிற்று.
பயனிலை மட்டும் மரியாதையோடு
எழும்பி நின்றுகொண்டிருந்தது.

"அதையும் மாத்துங்க."
அது ஒரே அமத்தில மாறாது முஸ்பிக்,
ஒவ்வொண்டா,
கையால செய்யோணும்.

அவன் கையைப் பார்த்தான்.
தன்னுடையதை இல்லை,
என்னுடையதை.

இந்தப் பந்தியை நான் முன்னமும் அடித்திருக்கிறேன்.
அப்போது வந்தவன் நெற்றியில் திருநீறு;
'அதுகள்' என்றது எங்களை.
இன்னொரு நாள் சிங்களத்தில் ஒரு தாள்,
நகலெடுக்க மட்டும், இருநூறு கொப்பி.
வாசிக்கத் தெரியாது எனக்கு.
ஆச்சரியக்குறிகள் எல்லாம் அதே இடத்தில் இருந்தன.

கேட்டேன்:
'அதுகள்' வாற இடத்தில ஒருக்கா
புவனேந்திரன் எண்டு போட்டுப் பாப்பமா?
பாண்டிருப்பு ரோட்டு டயர்க் கடை.
உன்ர பைக்குக்கு டியூப் போட்ட அறுநூறு ரூபா
இன்னும் குடுக்கல்ல நீ.

"அவர் வேற, ராத்தா."

அவர், எண்டாய்.

ஒன்றும் பேசவில்லை அவன்.
காது மட்டும் சிவந்தது, சின்ன வயசில் போல.
பிறகு பென்டிரைவுக்குக் கை நீட்டினான்.

அழித்திருக்கலாம். ஒரே ஒரு விசை.
நான் கழற்றிக் கொடுத்தேன்.
எண்பது ரூபாயை வாங்கவில்லை.
அதைத் தைரியம் என்று
அன்றிரவு உம்மாவிடம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

வேறெங்கோ அடித்தார்கள்.
வெள்ளிக்கிழமை காலையில் சுவரெல்லாம் நோட்டீஸ்,
பசை காயாமல்.
வினைகளையும் மாற்றியிருந்தார்கள்.
யாரோ ஒருவன் இரவிரவாக இருந்து
ஒவ்வொன்றாக,
கையால்.

டயர்க் கடைச் சுவரிலும் ஒன்று.
புவனேந்திரன் அண்ணன் கிறீஸ் விரலால்
வரி வரியாகக் கீழே இறங்கி வந்தார்.
கடைசிக்கு முந்திய வரியில் நின்றார்.

ஒருநாள் நாமும் மண்ணுக்குள் போவோம்.

கணினிக்கு 'நாம்' தெரியும்.
'நாமும்' தெரியாது.
ஓர் உம் ஏறியதும் புள்ளி கழன்று
அது தப்பிவிட்டது,
என்னிடமிருந்தும், அவனிடமிருந்தும்,
இரவிரவாக இருந்தவனிடமிருந்தும்.

"பிள்ளை, இஞ்ச வா," என்றார்,
"இந்த ஒரு இடத்தில மட்டும்
என்னையும் சேத்திருக்கிறானுகள் போல."

சிரித்தாரா என்று தெரியவில்லை.
பின்னால் காற்றடிக்கும் மெசின்
பெரிதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.